பிங்க் ஃபிளாய்ட் கேட்டுவிட்டு நாமும் ஏதாவது செய்யலாமா? குமரி மாவட்ட ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் ஆங்காங்கே பிங்க் ஃபிளாய்ட் பைத்தியங்கள் இருக்கிறோம். எண்ணிக்கை பெரிசாக இல்லை, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம். கிட்டார் வாசிப்பவர்கள், படம் வரைபவர்கள், இரண்டும் தெரியாமல் ஏதாவது செய்யவேண்டும் என்று துடிப்பவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும், பிடிக்காவிட்டால் சண்டைக்கு வரலாம்.

யார் இவர்கள்? முக்கோணப் படம் போட்ட டீ-ஷர்ட் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

1965-ல் லண்டனில் தொடங்கிய ராக் குழு. ஆரம்பத்தில் சிட் பாரெட், ராஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன். 1968-ல் பாரெட் மனநலம் குன்றி விலகினார். அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்திருந்த டேவிட் கில்மோர் கிட்டாரைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். வாட்டர்ஸ், மேசன், ரைட் மூன்று பேரும் பழகியது கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில், பாரெட் படித்தது ஓவியம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் பாட்டைக் கட்டுகிற விதத்திலும், உறைக்குப் படம் தேர்ந்தெடுக்கிற விதத்திலும், மேடையில் விளக்கு போடுகிற விதத்திலும் அந்தப் படிப்பு தெரியும். இசையும் படமும் அவர்களுக்கு வேறு வேறு வேலை இல்லை. முக்கோணத்தில் ஒளி புகுந்து நிறங்களாகப் பிரியும் அந்தப் படம் 1973-ல் வந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் உறை.

அவர்கள் பாட்டை அப்படியே வாசிக்க ஆசைப்படுவது காப்பி இல்லையா?

காப்பிதான். அதனால் என்ன? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988-ல் சேர்ந்த ஒரு குழு முழுக்க முழுக்க பிங்க் ஃபிளாய்ட் பாட்டுகளை மட்டும் வாசித்தே உலகம் சுற்றியது, கில்மோரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் அவர் முன்னாலேயே வாசித்தது. பாட்டின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிய அதைத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் எப்படிக் காப்பி அடிப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. யூடியூப்பில் விரல் எங்கே வைக்கணும் என்று காட்டுகிற வீடியோவைப் பார்த்து வாசிக்காதீர்கள். காதால் பிடியுங்கள். கில்மோர் ஒரு கம்பியை அழுத்தி மேலே தள்ளி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போய், போய்ச் சேர்ந்த இடத்தில் மெல்ல அசைத்து நிறுத்துவார். அவர் வேகமாக வாசிக்கிற ஆள் இல்லை, ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நம்பிக்கையோடு பிடித்துக்கொள்ளலாம் என்று காட்டுகிற ஆள். கோவில் கொடைத் திருவிழாவில், கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வழுக்கல் புதிதே இல்லை. வீடியோ விரலைக் காட்டும், இதைக் காட்டாது.

அப்புறம், எந்த இடத்தில் உங்களால் காப்பி அடிக்க முடியாமல் போகிறது என்று கவனியுங்கள். கை வேறு மாதிரி போகும், குரல் வேறு மாதிரி வளையும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் சோர்ந்து விடுகிறார்கள். உங்கள் பாட்டு ஆரம்பிக்கிற இடமே அதுதான் என்பது என் கட்சி.

'மணி' (Money) பாட்டின் தாளம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பணத்தைக் கிண்டல் செய்கிற அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. நான்கு நான்காக எண்ணிப் பழகியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி மிச்சம் வைத்துத் தடுக்கி விழுவார்கள். நமக்கு ஏழு ஒன்றும் அந்நியம் இல்லையே. மிஸ்ர சாபு என்று சொல்லிக் கை தட்டுகிறோமே, தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. வீட்டில் யாராவது மிருதங்கமோ தவிலோ வாசிப்பவர் இருந்தால் அவரிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், அரை நிமிஷத்தில் கை போட ஆரம்பித்துவிடுவார். உள்ளே பிரிப்பது மட்டும் சாபு மாதிரி இருக்காது, பேஸ் கிட்டார் தன் இஷ்டத்துக்கு வேறு இடத்தில் சாயும். ஏழு உடம்பில் ஏறிவிட்டால் அது தொந்தரவு செய்யாது. நடுவில் கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது தாளம் நான்குக்கு மாறும், அப்புறம் திரும்ப ஏழு. அந்த மாற்றத்தில்தான் குழுவாக வாசிப்பவர்கள் கவிழ்வார்கள், அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள்.

அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் காசு விழுகிற சத்தம் வருமே, அதை எப்படிச் செய்தார்கள்? நாமும் செய்யலாமா?

செய்யலாம், செய்தே ஆகவேண்டும். ரசிகர்கள் இந்தக் குழுவிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

காசு விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று சத்தங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டம் செய்யப் பயன்படுத்திய பெரிய கிண்ணத்தில் காசை எறிந்து சத்தம் எடுத்தார். பிறகு ஒலிநாடாவை ஒவ்வொரு சத்தத்துக்கும் ஸ்கேல் வைத்து அளந்து சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஏழு துண்டையும் ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். தாளமே அந்தக் காசிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது ஃபோன் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி, ஃபோனில் பேண்ட்லேப் மாதிரி காசு கேட்காத செயலிகள் இருக்கின்றன. கணக்கு இவ்வளவுதான்: நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்தால் ஒரு அடி அரை நொடி, ஏழு அடிக்கு மூன்றரை நொடி. அரை நொடி நீளத்தில் ஏழு சத்தம் வெட்டி அடுக்கிச் சுற்ற விடுங்கள்.

எந்தச் சத்தம் என்பதில்தான் விஷயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற லண்டன் கல்லாப்பெட்டிச் சத்தத்தை எடுத்து ஒட்டினால் அது யாருடைய பாட்டு? நம்மூரில் பணம் எங்கே சத்தம் போடுகிறது என்று யோசியுங்கள். தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்குள் விலை சொல்கிற குரல்கள். குளச்சலில் மீன் ஏலம், அதில் ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போவார், அதுவே பாதி பாட்டு. வடசேரி கனகமூலம் சந்தையில் தராசுத் தட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரின் விசில், பையில் சில்லறை குலுங்குவது. ஏலக் குரலில் அரை நொடி எடுத்து ஏழாவது அடியில் வையுங்கள், என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், இது மட்டும் முக்கியம். ஏலம் நடக்கிற நேரத்தில் ஃபோனை முகத்துக்கு நேராக நீட்டினால் ஏச்சு வாங்குவீர்கள், அது நியாயமும்கூட.

கிட்டார் வாங்கவே பணம் இல்லையே.

பணம் கொட்டிக் கிடந்த காலத்திலேயே அவர்கள் கருவிகளை ஒதுக்கி வைத்துப் பார்த்தார்கள். 1973-ல் அந்தப் பெரிய வெற்றிக்குப் பிறகு, வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்வது என்று இறங்கினார்கள். ரப்பர் பேண்ட், துடைப்பம், கண்ணாடிக் கோப்பை இப்படி. ஒழுங்காக வரவில்லை, கைவிட்டார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் ஈர விரலால் தேய்த்து எடுத்த ஒலி மட்டும் வீணாகவில்லை, 1975-ல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் தொடக்கத்தில் அது கலந்திருக்கிறது. கைவிட்ட வேலையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள், அதைக் கவனியுங்கள்.

ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு, ஷீட் அடிக்கிற ரோலரின் முனகல் ஒன்று போதும். கைப்பிடியைச் சுற்றும் வேகத்துக்கு அதன் சுருதி ஏறி இறங்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பதிவு செய்தேன். வெறும் கரகரப்பாக இருக்கிறது.

காற்று நேராக மைக்கில் மோதினால் அப்படித்தான். நீங்கள் கேட்பது காற்றின் ஒலி இல்லை, மைக் அடி வாங்குகிற ஒலி. தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியாக வேகமெடுத்து வருகிற மாதங்களில் முப்பந்தல் பக்கம் வெட்டவெளியில் ஃபோனைப் பிடித்தால் ஒன்றும் தேறாது. ஃபோனை ஸ்பாஞ்சிலோ தடிமனான துண்டிலோ சுற்றி, சுவருக்கு மறைவாக நின்று, காற்று எதன்மேல் படுகிறதோ அதைப் பதிவு செய்யுங்கள். பனை ஓலை, தகரக் கூரை, கேட்டின் கம்பி. காற்றாலை இறக்கையின் சுழற்சி தூரத்திலிருந்து கேட்டால் தாளம் தவறாத மூச்சு மாதிரி இருக்கும், அதையே மெதுவான பாட்டுக்கு அடித்தளமாக வைக்கலாம்.

வில்லுப்பாட்டோடு ராக் கலக்கலாமா? எடுபடுமா? பெரியவர்கள் திட்டமாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் குமரி மாவட்டத்துக்காரன் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது.

முதலில் நீளம். பிங்க் ஃபிளாய்டின் 1971-ம் வருஷத்துப் பாட்டு ஒன்று 23 நிமிஷத்துக்கு மேல் ஓடும். "இவ்வளவு நேரம் யார் கேட்பா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். சுடலைமாடன் கோவில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கதை கேட்ட ஊர் இது மக்கா, 23 நிமிஷம் என்ன பெரிய நேரம்? கதை எங்கே மெதுவாகப் போகலாம், எங்கே குடமும் உடுக்கையும் ஒரே மூச்சாக ஏறவேண்டும், எங்கே பேச்சாக இறங்கவேண்டும் என்கிற கணக்கு வில்லுப்பாட்டுக்காரர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. நீண்ட ராக் பாட்டு எழுத நினைப்பவர்கள் அந்தக் கணக்கைப் போய்ப் படிக்கலாம்.

அடுத்தது ஒலி. வில்லின் மணிகள் வீசுகோல் படும்போது தருகிற சலசலப்பு டிரம் செட்டில் சிம்பல் தட்டின் வேலையைச் செய்யும். குடத்தின் வாயில் தட்டும்போது எழுகிற அந்த அடிவயிற்று ஒலி பேஸ் டிரம்மைவிட உருண்டையாக இருக்கும். 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஒரு இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடியும், அது உண்மையில் மேசனின் பேஸ் டிரம்தான், துணி சுற்றி மெதுவாக அடித்த மாதிரி ஒலிக்கும். அந்த இடத்தில் குடத்தைக் கற்பனை செய்யுங்கள். கிட்டாரை அதற்கு மேலே மிதக்க விடலாம், ஆனால் குடம் ஒலிக்கிற அதே தாழ்ந்த பகுதியில் பேஸ் கிட்டாரும் போய் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மூடிவிடும். பேஸைக் கொஞ்சம் மேல் ஸ்தாயிக்கு நகர்த்துங்கள், அல்லது நிறுத்தியே விடுங்கள்.

செய்யக் கூடாதது: நாலு நிமிஷ ராக் பாட்டின் நடுவில் பத்து நொடி உடுக்கையைத் திணித்துவிட்டு "மண்ணின் இசை" என்று போஸ்டர் அடிப்பது. கலைஞரைக் கூப்பிட்டால் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், சம்பளம் பேசுங்கள், பாட்டு எங்கே போகவேண்டும் என்று அவரும் சொல்லட்டும். பெரியவர்கள் திட்டுவது பெரும்பாலும் கலப்பதற்காக இல்லை, மதிக்காமல் கலப்பதற்காக. கொடையில் சாமிக்குப் பாடுகிற பாட்டைத் தூக்கி மேடையில் போடுவதற்கு முன்னால் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

பக்கத்தில் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆட்கள் உண்டு. மலையாளத்தில் அவியல் குழு 2008-ல் வெளியிட்ட ஆல்பம், கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கிட்டாரில் கர்நாடக இசையின் கமகத்தைக் கொண்டுவந்த விதம், சென்னையில் 2018-ல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் கிட்டாரோடு நிறுத்திய விதம். மூன்றும் மூன்று வழி. செண்டைகள் முழங்கும் சிங்காரி மேளம் பற்றியும் கேட்கிறார்கள். அது தனியே ஒரு மலை, அதோடு கிட்டார் வாசித்தால் கிட்டார் கேட்காது, அவ்வளவுதான்.

சர்ச்சில் கொயரில் பாடுகிறேன். ராக் வாசித்தால் தப்பாக நினைப்பார்களோ?

நினைப்பவர்கள் நினைக்கட்டும், வீட்டில் பேசிப் புரியவைப்பது உங்கள் பாடு. ஆனால் கொயர் பழக்கம் எவ்வளவு பெரிய முதலீடு என்று உங்களுக்கே தெரிவதில்லை. நான்கு குரல் சேர்த்துப் பாடத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ராக் குழு நடத்துகிற பலருக்கு இரண்டு குரல் சேர்ந்தாலே தகராறு. திருவிழா பவனியில் வருகிற பேண்டு வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1970-ல் வந்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பித்தளை வாத்தியங்களும் கொயரும் ராக் குழுவும் சேர்ந்து வாசித்த ஒரே படைப்பு. டிரம்பெட் வாசிக்கிற அண்ணனும் கொயர் லீடர் அக்காவும் உங்கள் தெருவிலேயே இருக்கும்போது நீங்கள் கீபோர்டில் பொய் டிரம்பெட் சத்தம் தேடிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக வரும்.

தமிழில் வரி எழுதினால் ராக் மெட்டில் உட்கார மாட்டேன் என்கிறது.

ஆங்கிலப் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழை அதற்குள் அமுக்கினால் உட்காராது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசையை மெட்டு தேடும், தமிழில் குறில் நெடில் பார்க்கவேண்டும். நீட்டிப் பிடிக்கிற சுரத்தில் குறில் வந்தால் சொல்லே வேறாகிவிடும், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் வரியை முதலில் எழுதி, சத்தமாகப் பேசி, அந்தப் பேச்சு எங்கே இழுக்கிறது எங்கே வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு மெட்டுக்குப் போங்கள். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதலாம். மெட்ராஸ் தமிழில் எழுதினால்தான் ராக் என்று யாரும் சட்டம் போடவில்லை.

எதைப் பற்றி எழுதுவது?

வாட்டர்ஸின் அப்பா 1944-ல் இத்தாலியில் ஆன்சியோ போர்முனையில் இறந்தபோது குழந்தைக்கு ஐந்து மாசம். அந்த இல்லாமை 1979-ல் 'தி வால்' ஆல்பம் வரைக்கும், அதற்குப் பிறகும் அவர் பாட்டுகளில் வந்துகொண்டே இருந்தது. இதைக் கேட்டுவிட்டு நம் பையன்கள் லண்டன் மழை, சுவர், தனிமை என்று எழுதுகிறார்கள். உங்களுக்கு எதற்கு லண்டன் மழை? தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழை நனைக்கிற மாவட்டம் இது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று அந்தக் கடற்கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளில் கிட்டார் வாசிப்பவர்கள் உண்டு. அவர்கள் எழுதினால் அது வேறு. நீங்கள் அந்த வீட்டுக்காரர் இல்லையென்றால், அந்தத் துக்கத்தை உங்கள் குரலில் அழுது காட்டாதீர்கள், வேறு வழி இருக்கிறது, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி அட்டை முறை என்று சொல்வார்களே, அது என்ன?

'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' பதிவு நடந்தபோது வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதினார். சாதாரணக் கேள்விகளும் இருந்தன, சாவைப் பற்றிப் பயமா, கடைசியாக எப்போது கைகலப்பில் இறங்கினாய், நீ செய்தது சரியா என்கிற மாதிரியும் இருந்தன. ஸ்டுடியோவில் இருந்தவர்களை, வாயிற்காவலர், குழுவின் உதவியாளர்கள் உள்பட, ஒருவர் ஒருவராக உட்காரவைத்துப் பதில்களைப் பதிவு செய்து, துண்டுகளைப் பாட்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார், ஆனால் அவர் ஜாக்கிரதையாகச் சொன்னதால் சேர்க்கவில்லை. வாயிற்காவலர் சொன்னதுதான் ஆல்பத்தின் கடைசியில் ஒலிக்கிறது. புகழ் பெற்ற ஆளைவிட மனசிலிருந்து பேசியவர் ஜெயித்தார்.

இதைவிட எளிதாக நகலெடுக்கக்கூடிய வேலை இல்லை. ஐந்து கேள்வி எழுதுங்கள். கடலுக்குப் போகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், தோவாளையில் பூக்கட்டுகிற அம்மா, ஆட்டோ ஓட்டுகிற மாமா, உங்கள் பாட்டி. "கடைசியாக எப்போது பயந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பேச்சை இடையில் வெட்டாதீர்கள். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள், முடிந்தபின் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். ஒக்கியைப் பற்றி அவர்களே பேசட்டும், நீங்கள் கீழே ஒரு ஆர்கன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

நான் வாசிக்க மாட்டேன், வரைவேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

பாதி இருக்கிறது. ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் நடத்திய ஹிப்னாசிஸ் என்கிற வடிவமைப்புக் கூட்டணிதான் பெரும்பாலான உறைகளைச் செய்தது. முக்கோணத்தை வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. எண்ணிப் பாருங்கள், அதில் நிறங்கள் ஆறுதான், கருநீலம் இல்லை. பள்ளிக்கூட இயற்பியல் புத்தகப் படம் உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். 'ஆட்டம் ஹார்ட் மதர்' உறையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும், குழுவின் பெயர்கூடக் கிடையாது. 'விஷ் யூ வேர் ஹியர்' உறையில் கைகுலுக்குகிற இரண்டு பேரில் ஒருவர் எரிந்துகொண்டிருப்பார். சண்டைக் கலைஞர் ஒருவரை உண்மையாகவே கொளுத்தி எடுத்த படம், காற்று திசை மாறி அவர் மீசை கருகியது. இதை மட்டும் தயவுசெய்து முயற்சிக்காதீர்கள். 1977-ன் 'அனிமல்ஸ்' உறைக்காகப் பறக்கவிட்ட ராட்சதப் பன்றி பலூன் கயிறு அறுந்து லண்டன் விமானப் பாதையில் போய், கடைசியில் ஒரு பண்ணையில் விழுந்தது. முடிவில் வேறொரு நாள் எடுத்த மின்நிலையப் படத்தின் மேல் பன்றியை ஒட்டித்தான் உறை தயாரானது.

இவர்கள் ஒருபோதும் வாசிப்பவர்களின் முகத்தை வரையவில்லை என்று சொல்லமாட்டேன், ஆரம்பகால உறைகளில் முகங்கள் உண்டு. ஆனால் நினைவில் நிற்பவை, ஒரு சாதாரணப் பொருளைத் தவறான இடத்தில் வைத்த படங்கள்தான். கில்மோரின் முகத்தைப் பென்சிலில் நுணுக்கமாக வரைந்து அனுப்புகிறவர்களிடம் நான் சொல்வது, கை நன்றாக இருக்கிறது, இப்போது பாட்டை வரையுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது, அதைவிட விசித்திரமான படம் உங்களுக்கு யார் தரப்போகிறார்கள்? மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கறுப்பாக இருக்கிறது. கன்னியாகுமரியில் சுற்றுலாக்காரர்களுக்குப் பல நிற மணலைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், ஒளிக்கற்றையை அந்த மணலில் போடலாமே, முக்கோணமே இல்லாமல். தோவாளை மாணிக்கமாலையில் அரளிப்பூவை மடித்து மடித்துக் கல் பதித்த மாதிரி வைப்பார்கள், ஒரு ஆல்பம் உறை முழுக்க அந்த நெசவை மட்டும் நெருக்கமாக எடுத்தால் எழுத்தே தேவையில்லை.

முக்கோணம் போட்ட டீ-ஷர்ட் அடித்து விற்கலாமா? பாட்டைத் தமிழில் மாற்றிப் பாடலாமா?

விற்கக்கூடாது. உங்களுக்காக ஒன்று வரைந்து போட்டுக்கொள்வதை யாரும் தேடி வரப்போவதில்லை, கடை போட்டு விற்பது வேறு. வரிகளை மொழிபெயர்த்து வெளியிடவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு, வாட்டர்ஸும் கில்மோரும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கட்டணம் வாங்காமல், சும்மா கூடுகிற ஒரு அமெச்சூர் மன்றம் வாசிப்பதற்கு 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டால் ஐபிஆர்எஸ் (பாட்டு இயற்றியவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கிற அமைப்பு) உரிமம் பற்றி நடத்துபவர் பார்க்கவேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண்குரல் உருகும், கிளேர் டோரி. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பாடியதற்கு 30 பவுண்டு கொடுத்தார்கள். 2004-ல் அவர் வழக்குப் போட்டு, மறுவருஷம் சமரசம் ஆகி, இப்போது ரைட்டோடு சேர்த்து இயற்றியவராக அவர் பெயரும் போடப்படுகிறது. உங்கள் பாட்டில் தோழி ஒருத்தி நாலு வரி முனகினாலும், யார் என்ன செய்தார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று நினைக்காதீர்கள், நண்பர்களுக்குள்தான் வேண்டும்.

எந்தப் பெடல் வாங்கினால் கில்மோர் ஒலி வரும்?

எதை வாங்கினாலும் முழுசாக வராது. அவருடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 2019 ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது, வாங்கியவருக்கும் வராது. ஒன்றே ஒன்று வாங்கவேண்டும் என்றால் ஒலியை எதிரொலியாகத் திருப்பித் தருகிற டிலே பெடல் வாங்குங்கள், ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் பயன்படுத்திய பின்சன் எக்கோரெக் கருவி எதிரொலியைக் காந்தத் தட்டில் பதிந்து திருப்பித் தந்தது. இப்போது ஃபோன் செயலியிலேயே அந்த வேலை நடக்கும். எதிரொலி திரும்பி வருகிற நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு பொருத்துங்கள், குறைவாக வாசியுங்கள்.

எங்கே வாசிப்பது? இங்கே ராக் கேட்க ஆளே இல்லையே.

1971 அக்டோபரில் அவர்கள் இத்தாலியில் பாம்பேயின் பழைய அரங்கத்தில் ஆளே இல்லாமல் வாசித்துப் படம் எடுத்தார்கள். ஆள் இல்லாததே அந்தப் படத்தின் அழகு. முட்டம் பாறைகளில் சாயங்காலம் அப்படி ஒன்று எடுக்கலாம், அலை ஏறுகிற நேரம் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு. சிதறால் மலை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் கேமரா ஸ்டாண்டோடு ஏறாதீர்கள். சுசீந்திரத்தில் ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் சுரம் பேசும் என்பது தெரிந்ததே, ஆனால் தட்டிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள், ஆயிரம் பேர் தட்டினால் கல் என்னாகும்.

ஆள் வேண்டும் என்றால் பாட்டு முடிவதற்கு முன்னாலேயே வாசியுங்கள். 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ரெக்கார்டாக வந்தது 1973 மார்ச்சில், ஆனால் 1972 ஜனவரியிலிருந்தே அதை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டோரி பாடிய அந்தப் பகுதியில் ஆரம்பத்தில் பாட்டே கிடையாது, ஆர்கனோடு பைபிள் வாசிப்பு ஓடியது. ஊர் ஊராக வாசித்துத்தான் எது நிற்கிறது எது போகிறது என்று கண்டுபிடித்தார்கள். நம்மூரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாலிபர் சங்கம், பொங்கலுக்கு நற்பணி மன்றம், கல்லூரி விழா என்று மேடைகளுக்குக் குறைவே இல்லை. ரெண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் உங்களுடைய அரைகுறைப் பாட்டு ஒன்றைச் செருகுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் எந்த இடத்தில் ஃபோனை எடுக்கிறார்களோ அந்த இடத்தை வீட்டுக்கு வந்து வெட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. குளச்சலில் இருக்கிறேன், கிட்டார் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கிறது.

உப்புக் காற்று. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், சுவரில் மாட்டாமல் பைக்குள் வையுங்கள், பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ரெண்டு போடுங்கள். செருப்பு வாங்கும்போது அட்டைப்பெட்டிக்குள் வருமே, அதேதான். பூச்சு போட்ட கம்பி கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் கடற்கரைக்காரர்களுக்கு அது லாபம்.